பள்ளம் நோக்கிப் பாயும் சினம்

“அடியாத மாடு படியாது” என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மாட்டைக் குறித்து எழுந்த அம்மொழியைப் பிள்ளைகளுக்குப் பொருத்தியவர் யாவரென்பதை எவரும் அறியார். ஆயினும் வீட்டுத் திண்ணையிலும் பாடசாலை விறாந்தையிலும் அது இன்றும் ஒரு கல்விக் கோட்பாட்டுக்குரிய மதிப்போடு எடுத்தாளப்படுகின்றது. மாட்டையும் மனிதக் குழந்தையையும் ஒரே நுகத்திற் பூட்டும் இக்கோட்பாட்டைக் கூறுவோர் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலும் அவர்கள் தம் பிள்ளைகளுக்காக உடல் தேய உழைப்பவர்கள். தாமும் அவ்வாறே அடிபட்டு வளர்ந்தவர்கள். ஆதலால் இப்பிரச்சினை இரண்டு கண்டன வாக்கியங்களோடு முடித்துவிடக்கூடியதன்று.

வீட்டிலே தந்தையின் சினம், வெளியிலே சகமாணவரின் மிரட்டல். இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டு வளரும் பிள்ளைகள் நமது வகுப்பறைகளிற் பலர். அத்தகைய ஒருவன் தான் வாங்கிய அடியை என்ன செய்வான்? வாய்மூடிச் சுமப்பானா? அடித்தவனிடமே திருப்பிக் கொடுப்பானா? தன்னிலும் எளியவன் ஒருவனைத் தேடி அவன்மீது இறக்கிவைப்பானா? இவற்றைத் தவிர வேறு வழி அவனுக்கு உண்டா? உண்டெனின், அவ்வழியிற் செல்லும்படி அவனைக் கேட்க நமக்கு என்ன உரிமை? இவ்வினாக்களையே இங்கு ஆராய முற்படுகிறோம். உயர்ந்த பீடமொன்றில் அமர்ந்து விடைகூறும் தகுதி எமக்கு இல்லை என்பது கட்டுரையின் போக்கிற் புலனாகும்.

*

நாம் கற்பிப்பது வடபகுதிக் கரையோரக் கிராமமொன்றிலுள்ள பாடசாலையில். ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன் நாள்தோறும் மணி அடிப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பாகவே வந்து வகுப்பறை வாயிலில் அமர்ந்திருப்பான். படிப்பிலுள்ள ஆர்வமே அவனை அழைத்து வருகின்றதென நாம் கருதினோம். பிற மாணவருக்கு அவனை எடுத்துக்காட்டாகவும் கூறினோம். உண்மை வேறு. அவனுடைய தகப்பன் இராத்தொழிலுக்குச் சென்று விடியற்காலையிற் கரைக்குத் திரும்புபவர். வலையில் மீன் பட்ட நாளில் அவர் மகனின் தலையைத் தடவிப் பேசுவார். படாத நாளிற் கைக்கு அகப்பட்டதை எடுத்து அடிப்பார். எந்த நாள் எத்தகைய நாளென்று முன்கூட்டியே அறியும் வழி பிள்ளைக்கு இல்லை. அடியைக் காட்டிலும் அந்த நிச்சயமின்மையே கொடியது. தகப்பனின் செருப்பொலியைக் கேட்டே அவரது மனநிலையைக் கணிக்கப் பழகிய பிள்ளை, எழுத்துக் கூட்டி வாசிப்பதற்கு முன்பே இன்னொரு பாடத்தைக் கற்றுத் தேறிவிடுகின்றது.

பாடசாலையும் அவனுக்குப் புகலிடமாக அமையவில்லை. காலையிற் கரப்பந்து விளையாட வரும் மேல்வகுப்பு மாணவர் சிலர் அவனைத் தமக்கு ஏவலாளாக்கிக்கொண்டனர். தம் புத்தகப்பைகளைச் சுமக்கச் செய்தனர். சிற்றுண்டிக்குக் கொண்டுவந்த காசைப் பறித்தனர். அவனது தகப்பன் வெறியில் நடப்பதைப்போல் நடந்துகாட்டிச் சிரித்தனர். அவன் எவரிடமும் முறையிடவில்லை. ஒரு தவணை முழுவதும் இது நடந்தது. நாம் ஒன்றையும் காணவில்லை. ஆறாந் தரத்துச் சிறுவன் ஒருவனின் விரலை முறுக்கி அவன் காசு பறித்தான் என்ற முறைப்பாடு வந்த அன்றே அவன் நமது கண்ணிற் பட்டான். அடிவாங்கியவனாக இருந்தவரை அவன் நமக்குத் தெரியவில்லை. அடித்தவனாக மாறியபோதே தெரிந்தான்.

நாம் தகப்பனுக்கு ஆளனுப்பினோம். அவர் வந்தார், நடந்ததைக் கேட்டார், அலுவலக வாயிலில் யாவரும் பார்த்திருக்க மகனின் கன்னத்தில் அறைந்தார். பின்னர் எம்மை நோக்கி, “சேர், கண் ரெண்டையும் விட்டிட்டு மிச்ச இடமெல்லாம் அடியுங்கோ. நான் ஏனெண்டு கேட்டு வரமாட்டன்” என்றார். அதனை அவர் மரியாதையோடுதான் கூறினார். தம்மிடமுள்ள நம்பிக்கை முழுவதையும் எம்மிடம் ஒப்படைப்பதாகவே எண்ணினார். மகன் அழவில்லை, நிலத்தைப் பார்த்தபடி நின்றான். விரல் முறுக்கப்பட்ட சிறுவன் தூணொன்றின் பின்னால் நின்று யாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு திருப்தி தோன்றியது. அந்தத் திருப்தியைக் கண்டபோதுதான் நாம் செய்த தவறு எமக்கு உறைத்தது. நீதி என்பது, தன்னை அடித்தவனைவிடப் பலசாலி ஒருவன் வந்து அவனை அடிப்பதே என்று அச்சிறுவன் அன்று கற்றுக்கொண்டான். கற்பித்தவர்கள் நாமே.

*

சினம் கண்ணை மறைக்கும் என்று கூறுவர். ஊன்றி நோக்கின் இது முழு உண்மையன்று. அத்தகப்பன் பிறருடைய படகிற் கூலிக்குப் போகிறவர். எண்ணெய்ச் செலவு முதலியவற்றைச் சம்மாட்டி கழித்துக்கொண்டபின் எஞ்சுவதிலேயே அவருக்குப் பங்கு. கணக்கிற் பிழையிருப்பதாக அவர் ஐயுற்ற நாட்களும் உண்டு. ஆயினும் சம்மாட்டிக்கு முன்னால் அவரது குரல் ஒருபோதும் உயர்ந்ததில்லை. கரையில் எழுந்த சினம் கரையிலே வெடிக்கவில்லை. ஒழுங்கை வழியே நடந்து, படலையைத் திறந்து, வீட்டினுள் நுழைந்து, பதினான்கு வயதுப் பையனைக் கண்டபின்பே வெடித்தது. கண் மறைந்த சினம் இவ்வளவு சரியாக வழி கண்டு வருமா? தண்ணீர் பள்ளத்தைக் கண்டு பாய்வதைப்போலச் சினமும் திருப்பி அடிக்கமாட்டாத இடத்தைக் கண்டே பாய்கின்றது. அது குருடன்று. யாரை அடிக்கலாம், யாரை அடிக்கலாகாது என்பதை அது நன்கு அறியும்.

வள்ளுவர் இதனை உணர்ந்திருந்தார். வெகுளாமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, தன் சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதனைத் தடுத்துக்கொள்பவனையே சினத்தை அடக்கியவனாக அவர் ஏற்கின்றார். வலியோர்முன் அடங்குவதை அவர் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. சம்மாட்டியின்முன் அடங்கும் தகப்பனைப் பொறுமைசாலி என்று நாம் கூறமுடியாது. மகன்முன் அடங்குவாராயின் அதுவே பொறுமை.

இவ்விடத்தில் நம் நண்பர்கள் சிலர் ஒரு மறுப்பைக் கூறக்கூடும். ‘தகப்பனைக் குறைகூறிப் பயனென்ன? அவரை அவ்வாறு ஆக்கியது வறுமையல்லவா? சமுதாய அமைப்பை மாற்றாமல் தனிமனிதரின் குணத்தைத் திருத்த முனைவது வேரை விட்டு இலைக்கு நீர் தெளிப்பதாகும்’ என்பர். இக்கூற்றிற் பெரிதும் உண்மை உண்டு. 2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களை நம்பிய கரையோரக் குடும்பங்களில் என்ன நிகழ்ந்ததென்பதை நாம் கண்ணாற் கண்டோம். கடலுக்குப் போனால் நட்டம், போகாவிட்டாற் பட்டினி என்ற நிலை வந்தது. அதற்கு முன்னரோ, 2009 இல் முடிவுற்ற போரிலே தமது இளமையைப் பறிகொடுத்தவர்களே இன்று நமது மாணவரிற் பலருக்குப் பெற்றோராயிருக்கின்றனர். அவர்கள் பட்டவற்றை ஆற்றிக்கொள்ள அவகாசமோ துணையோ அவர்களுக்குக் கிடைத்ததில்லை. இவற்றையெல்லாம் மறந்து தகப்பனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுபவன் சமுதாயத்தை அறியாதவன்.

எனினும் காரணங் கூறுதல் வேறு. நியாயங் கூறுதல் வேறு. அதே கரையில், அதே படகில், அதே கூலிக்குச் செல்லும் இன்னொருவர் தம் பிள்ளைகள்மீது கைவைப்பதில்லை. மறுபுறத்திலே மாதச் சம்பளமும் மாடிவீடும் உள்ள தந்தையர் சிலர், பரீட்சையில் ஐந்து புள்ளி குறைந்தமைக்காகப் பிள்ளையை முழந்தாளில் நிறுத்துவதையும் நாம் அறிவோம். வறுமை சினத்துக்கு விறகாகலாம். அந்நெருப்பு யார்மீது எரியவேண்டும் என்பதை வறுமை மட்டும் தீர்மானிப்பதில்லை. பிள்ளை தன் உடைமை, தன் விருப்பப்படி ஆளத்தக்க சிறு நிலம் என்ற எண்ணமே அதனைத் தீர்மானிக்கின்றது. நிலவுடைமைக் காலத்தில் நம் வீட்டினுட் புகுந்த அவ்வெண்ணம் இன்னும் வெளியேறவில்லை. வெளியிலே சுரண்டலை எதிர்ப்பவன் வீட்டு வாயிலைத் தாண்டியதும் தானே ஒரு சிறு பிரபுவாகிவிடுவானாயின், அவன் அடக்குமுறையை எதிர்ப்பவனல்லன். அடக்கப்படுபவனாகத் தான் இருப்பதை மட்டுமே எதிர்ப்பவன்.

வீட்டுத் தாய்மாரும் பெண்பிள்ளைகளும் இச்சுமையை வேறொரு விதத்திற் சுமக்கின்றனர். பகலெல்லாம் பிள்ளைகளோடு மல்லாடும் தாய், ‘அப்பா வரட்டும்’ என்று மிரட்டுகின்றாள். இரவில் அதே அப்பாவின் கை அவள்மீதும் விழுகின்றது. அடிபடுபவளே அடிப்பவரின் பெயரால் வீட்டை ஆளவேண்டியிருக்கின்றது. இதனைத் தினமும் காணும் மகள், சினங்கொள்ளுதல் ஆண்களுக்குரிய உரிமையென்றும் அதன் வருகையை முன்கூட்டியே உணர்ந்து ஒதுங்குதல் பெண்களுக்குரிய சாமர்த்தியமென்றும் நம்பி வளர்கின்றாள்.

*

‘நாங்கள் அடிவாங்கித்தான் ஆளானோம், பெரியவர்களை மதிக்க அந்த அடிதான் கற்பித்தது’ என்ற கூற்றையும் ஆராய்தல் வேண்டும். அச்சமும் மரியாதையும் வெளித்தோற்றத்தில் ஒத்தவை. இரண்டிலும் தலை குனிகின்றது, குரல் தாழ்கின்றது. பெரியவர் அப்பாற் சென்றபின்னரே வேறுபாடு தெரியும். மரியாதை அவர் இல்லாத இடத்திலும் நிலைக்கும். அச்சம் அவர் முதுகு திரும்பியதும் பொய்யாகவும் ஏளனமாகவும் மாறும். பிரம்போடு வரும் ஆசிரியரின் வகுப்பு அமைதியாயிருக்கும். அவர் ஒருநாள் விடுமுறை எடுத்தால் அவ்வமைதியின் தன்மை விளங்கிவிடும்.

இவ்விடயத்தில் நமக்குப் பெரிதும் உதவக்கூடிய சான்று ஒன்று ஐரோப்பிய இலக்கியத்தில் உண்டு. பிராக் நகரில் வாழ்ந்த எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்கா 1919 ஆம் ஆண்டில், தமது 36 வயதில், தந்தைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தம்மிடம் அவருக்கு ஏன் அச்சம் என்று தந்தை கேட்டிருந்தார். நேரில் விடைகூற மகனுக்கு வாய் எழவில்லை. அந்தத் தந்தை கொடுங்கோலராகப் பிறந்தவரல்லர். கிராமத்து இறைச்சிக்கடைக்காரர் ஒருவரின் மகனாக, வறுமையிலும் குளிரிலும் உழைத்து, நகரத்தில் ஒரு கடைக்கு உரிமையாளராக உயர்ந்தவர். தாம் பட்ட துன்பத்தைப் பிள்ளைகளுக்கு ஓயாது நினைவூட்டியவர். சிறுவயதில் ஓர் இரவு தண்ணீர் கேட்டுச் சிணுங்கிய மகனைப் படுக்கையிலிருந்து தூக்கி, மூடிய கதவுக்கு வெளியே மாடி நடையில் தனியே நிறுத்திவிட்டார். மகன் அதனை வளர்ந்தபின்னரும் மறக்கவில்லை. தந்தை உண்மையில் அடித்தது மிக அரிது என்றும் காஃப்கா குறிப்பிடுகின்றார். உரத்த குரலும் சிவந்த முகமும் எக்கணமும் அடி விழலாமென்ற ஆயத்தமுமே அவரை வருத்தின. அக்கடிதம் தந்தையின் கையை என்றுமே அடையவில்லை. நூல்கள் வெளியிட்டுப் பெயர்பெறத் தொடங்கிய மனிதர் ஒருவர், தம் தந்தைக்கு ஒரு கடிதத்தைக் கொண்டுசேர்க்க முடியாதவராக வாழ்ந்து மறைந்தார். அச்சம் மரியாதையைப் பிறப்பிக்கும் என்போர் இதற்கு விடை கூறட்டும்.

அக்கடிதத்தில் நமது ஆராய்ச்சிக்கு இன்றியமையாத செய்தி வேறொன்றும் உண்டு. தந்தை கடையிலே தம் ஊழியரையும் அவ்வாறே அதட்டினார். அதனைக் கண்ட சிறுவன் முதலாளியின் மகனாக நில்லாமல் ஊழியரின் பக்கம் சேர்ந்துகொண்டான். இங்கேதான் நாம் தேடும் திறவுகோல் இருக்கின்றதெனக் கருதுகிறோம். அடி இரண்டு பாடங்களைக் கற்பிக்க வல்லது. ‘அடிப்பவனாக இருப்பதே பாதுகாப்பு’ என்பது ஒன்று. ‘அடிபடுபவனுக்கு எவ்வாறு நோகும் என்பது எனக்குத் தெரியும்’ என்பது மற்றையது. ஒரே காயத்திலிருந்து ஒருவன் கங்காணியாகலாம், இன்னொருவன் தோழனாகலாம். ஒன்பதாந் தரத்து மாணவன் முதலாவது பாடத்தைக் கற்றான். அது அவனுடைய பிறவிக்குணத்தால் அன்று. இரண்டாவது பாடத்தைக் கற்பதற்கு அவனருகே ஒருவராவது நிற்கவேண்டியிருந்தது. நின்றிருக்கவேண்டிய நாம் நிற்கவில்லை.

*

எமது சொந்தக் கதையையும் இங்கு கூறியாகவேண்டும். கூறாவிடின் இதுவரை எழுதியது போலி உபதேசமாகிவிடும். நாம் பல்கலைக்கழகத்திலே தமிழ் பயின்ற முதலாம் வருடத்திற் பகிடிவதைக்கு உள்ளானோம். எதனை உடுப்பது, எப்பாதையால் நடப்பது, எவரைக் கண்டால் தலை குனிவது என்பன கட்டளைகளாக வந்தன. இரவில் விடுதியிலே முழந்தாளில் நின்றோம். அதற்குக் கூறப்பட்ட நியாயம் இப்பக்கங்களை வாசிப்போருக்குப் புதியதன்று. ‘இங்கே பணக்காரன், ஏழை இல்லை, ஆங்கிலம் அறிந்தவன், அறியாதவன் இல்லை. யாவரையும் ஒரே மட்டத்துக்குக் கொணர்வதற்கே இது’ என்றனர். சமத்துவம் என்னும் உயரிய சொல் அங்கே உதைக்குப் பெயராயிற்று. நாமும் அதனை நம்பினோம். நம்பியபோது அவமானம் சற்றுக் குறைந்ததுபோல் இருந்தது.

அடுத்த ஆண்டு நாம் வரிசையின் மறுபுறத்தில் நின்றோம். ஒருநாள் மாலை மலையகத்திலிருந்து வந்திருந்த புதிய மாணவர் ஒருவரை மறித்து அதட்டினோம். அவருடைய பேச்சைப் பழித்துக் காட்டிச் சிரித்தோம். கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகன் அவர் என்பது பின்னரே தெரியவந்தது. கைகளைக் கட்டிக் கண்களைத் தாழ்த்தி அவர் நின்ற நிலை எம்மாற் புதிதாகக் கற்பிக்கப்பட்டதன்று. தோட்டத்துத் துரைக்கும் கங்காணிக்கும் முன்னால் அவருடைய பாட்டனும் பூட்டனும் நின்ற நிலை அது. சமத்துவம் கற்பிக்கப் புறப்பட்ட நாம் அவருக்கு மற்றுமொரு கங்காணியாகவே வாய்த்தோம். அன்று இது எமக்குத் தோன்றவில்லை. மறு ஆண்டில் அவரே புதியவர்களை எல்லோரிலும் உரத்த குரலில் அதட்டி நின்றதைக் கண்டபோதுதான் தோன்றியது. நாம் கற்பித்த பாடத்தை அவர் குறைவின்றிக் கற்றிருந்தார்.

கழிவிரக்கத்துக்காக இதனை எழுதவில்லை. இதன் விளைவு மரணம்வரை சென்றிருக்கின்றது. 1975 இல் பேராதனையில் மாணவியொருவர் பகிடிவதைக்குத் தப்புவதற்காக விடுதி மாடியிலிருந்து குதித்து, நடக்கமுடியாதவராயினார். 1997 இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீட மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். 1998 இல் 20 ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தபின்னரும் வழக்கம் அழியவில்லை. ஏனெனில், அது ஒரு விசித்திரமான கடன்முறை. ஒருவன் பட்டதை அவனுக்குச் செய்தவனிடம் வசூலிப்பதில்லை. அடுத்து வருபவனிடம் வசூலிக்கின்றான். இவ்வாறு ஒவ்வோர் ஆண்டும் வசூலிக்கப்படும் கடன் ஒருபோதும் தீர்வதில்லை. ஒருவனை முழந்தாளில் நிறுத்திக் கொண்டுவரும் சமத்துவத்தில் நிமிர்ந்து நிற்பவன் ஒருவன் எப்போதும் மிஞ்சியிருக்கின்றான். அதனைச் சமத்துவம் என அழைப்பது, அச்சொல்லுக்காக உயிர்கொடுத்தோரை இழிவுபடுத்துவதாகும்.

*

ஆகவே வாங்கிய அடியைத் தன்னோடு நிறுத்திக்கொள்வதே நாம் காணும் வழி. ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று வலியோர் எளியோருக்குக் கூறும் ஆறுதலோடு இதனை மயக்குதல் கூடாது. அடியை அடுத்தவனுக்குக் கொடாதிருத்தல் வேறு. அடி நியாயமென ஒப்புக்கொள்ளுதல் வேறு. முன்னதற்குத் துணிவு வேண்டும்; பின்னதற்கு அது வேண்டியதில்லை. இளைஞர்களுக்கு இது தெளிவாதல் வேண்டுமாதலின் மூன்று செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

தந்தையின் சினம் பிள்ளையின் குற்றத்துக்கு அளவுகோலன்று. வலையில் மீன் படாமைக்கு மகன் காரணமல்லன். ‘நான் கூடாதவன், அதனாலேயே அடிக்கிறார்’ என்ற முடிவுக்குப் பிள்ளைகள் எளிதில் வந்துவிடுகின்றனர். அந்த முடிவு அடியிலும் ஆழமாகக் காயப்படுத்தும். தந்தையை நேசிப்பதும் அவர் செய்வது தவறென அறிவதும் ஒரே நெஞ்சில் இருக்கலாம். அதில் முரண்பாடு இல்லை.

ஒதுங்கிக்கொள்வது கோழைத்தனம் அன்று. வெறியோடு வரும் தகப்பனுக்கு முன்னால் நின்று வாதாடுவதிற் பெருமை ஒன்றுமில்லை. அம்மம்மாவின் வீட்டுக்கோ அயல்வீட்டுக்கோ போய்விடுதல் அறிவுடைமை. சொல்லவேண்டியதைக் கடல் அமைதியான நாளிற் சொல்லலாம்.

கோள்மூட்டுதல் வேறு, சாட்சியங் கூறுதல் வேறு. ஒருவனைச் சிக்கவைப்பதற்காகச் சொல்வது கோள். ஒருவன் நசுக்கப்படுவதைத் தடுப்பதற்காகச் சொல்வது சாட்சியம். ‘காட்டிக்கொடுப்பவன்’ என்ற வசைச்சொல்லைக் கண்டு நமது மாணவர் பெரிதும் அஞ்சுகின்றனர். அச்சொல்லைப் பரப்புபவர் யாரென்று பார்த்தால், மௌனத்தால் இலாபமடைவோரே அவர்கள் என்பது விளங்கும்.

இவ்விடத்தில் நம் இலக்கிய மரபிலுள்ள ஒரு தோற்ற முரணும் தெளிவாகின்றது. ஔவையின் ஆத்திசூடி தனது இரண்டாம் அடியிலேயே சினத்தைத் தணிக்கச் சொல்கின்றது. பாரதியின் புதிய ஆத்திசூடியோ சினத்தைப் பழகவேண்டியவற்றுள் ஒன்றாக வைக்கின்றது. ஆசிரியர் சிலர் இவ்விரண்டையும் வகுப்பில் மோதவிட்டு மகிழ்வதுண்டு. நம் கருத்தில் இருவருக்கும் பகையில்லை. எளியோரை நோக்கிக் கீழே பாயும் சினம் தணியவேண்டியது. அநீதியை நோக்கி மேலே எழும் சினம் பழகவேண்டியது. சம்மாட்டியின் கணக்கைக் கேட்கவேண்டிய இடத்தில் கேட்கத் தகப்பனாற் கூடுமாயின், அதற்குச் சங்கமும் சகதொழிலாளரும் துணைநிற்பாராயின், மகனின் முதுகிற் பாய்வதற்கு அச்சினத்தில் எவ்வளவு எஞ்சும்?

இனி, உரிமை பற்றிய வினாவுக்கு வருவோம். அடியைத் தன்னோடு நிறுத்தும்படி தனித்து நிற்கும் பிள்ளையொன்றைக் கேட்க நமக்கு உரிமையில்லை. அதனருகே நாமும் நிற்போமாயின் மட்டுமே கேட்கலாம். சட்டம் ஓரளவு துணைசெய்கின்றது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. பாடசாலைகளில் உடற்றண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005 இல் தடைசெய்தது. ஆசிரியர் ஒருவர் கன்னத்தில் அறைந்து மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை உறுதிப்படுத்தும் உரிமை மீறப்பட்டதென 2021 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. ஒவ்வொரு மாணவனும் மாணவியும் அவ்விலக்கத்தை அறிந்திருத்தல் வேண்டும். ஆயினும் ‘அப்பாவைப் பொலிஸ் பிடித்துப் போய்விடுமோ, பிறகு வீட்டில் அடுப்பு எரியுமோ’ என்று அஞ்சும் பிள்ளை அவ்விலக்கத்தைச் சுழற்றுவதற்கு முன்னர் ஒரு மனிதரைத் தேடும். அந்த மனிதரின் மேசையிலே பிரம்பு கிடக்குமாயின் அது திரும்பிப் போய்விடும்.

நாம் அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டோம். தகப்பனை வரவழைத்ததற்காக அன்று, அதற்கு முன்பு ஒரு தவணை முழுவதும் அவனைக் காணாதிருந்ததற்காக. ஆசிரியர் மன்னிப்புக் கேட்பது அவனுக்குப் புதுமையாயிருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் “பரவாயில்லை சேர்” என்றான். மேல்வகுப்பு மாணவரை அடிக்காமலும் வீட்டுக்கு முறையிடாமலும் பல நாட்கள் இருத்திப் பேசினோம். அவர்களுள் ஒருவனது முதுகிலும் தழும்பிருந்தது. விரல் முறுக்கப்பட்ட சிறுவனிடம் காசைத் திருப்பிக் கொடுக்கும் நாளை அவனே குறித்தான், கொடுத்தான்.

தகப்பனைக் காணக் கரைக்குப் போனோம். வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார். படகைப் பற்றியும் கடனைப் பற்றியும் நெடுநேரம் பேசினார். தம் தகப்பன் தம்மை அடித்த பூவரசங் கம்பைப் பற்றியும் பேசினார். புறப்படும்போது, “கை நீட்டாமல் இருக்கத்தான் பாக்கிறன் சேர். எல்லா நாளும் ஏலுதில்லை” என்றார். அவர் எமக்கு வாக்குறுதி எதுவும் தரவில்லை. தந்திருந்தால் நாம் நம்பியிருக்கவும் மாட்டோம். ‘ஏலுதில்லை’ என்ற அந்தச் சொல்லை நம்பினோம். தம் சினம் தமது மகனின் குற்றமன்று, தமது இயலாமை என்று அவர் முதன்முறையாகக் கூறியது அன்றுதான்.

இப்பொழுதும் சில நாட்களில் அம்மாணவன் மணி அடிப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பாகவே வந்துவிடுகின்றான். அதன் பொருள் எமக்கு இன்று தெரியும். அவனுடைய வகுப்பு நண்பர் இருவரும் அந்நேரத்துக்கு வரத் தொடங்கியிருக்கின்றனர், நாமும் வருகிறோம். வகுப்பறை திறந்திருக்கின்றது. ஆசிரிய நண்பர்களே, உங்கள் பாடசாலையிலும் மணிக்கு முன் வந்து வாயிலில் அமர்ந்திருக்கும் பிள்ளை ஒன்று இருக்கும். படிப்பில் ஆர்வமென்று எண்ணி அதனைக் கடந்து போகாதீர்கள். மாணவத் தோழர்களே, உங்களுக்கு முன்னால் அடுத்த ஆண்டின் புதியவர்கள் வந்து நிற்பார்கள். நீங்கள் பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதனை அவர்களிடம் வசூலிக்காதீர்கள்.